தங்கச்சிக்கு அரைச் சம்பளம்

எங்கள் லயத்தில் அடுத்த வீட்டில் இருந்த அக்கா, சாப்பிட உட்கார்ந்தால் முதல் கவளத்தைத் தன் வலது கைக்குக் காட்டிவிட்டுத்தான் வாயில் போடுவாள். இடது கையால் பிசைவாள், இடது கையால் உருட்டுவாள். வலது கை மடியில் மல்லாந்து கிடக்கும். அதற்கு முன்னால் கவளத்தை நீட்டி, "பாத்துக்கடி, இன்னிக்கு கருவாடு. நீ திங்க மாட்டே. நான் தின்னுக்கிறேன்" என்பாள். ஒரு நாளும் மறந்ததில்லை.

அவள் பேரைச் சொல்ல மாட்டேன். பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் இரண்டு பேராகத் திரும்புவாள். முகம் நம்மைப் பார்க்கும், கை வேறு பக்கம் பார்க்கும். எதற்கு வம்பு?

நான் கல்யாணமாகி மலாயாவில் அந்த ரப்பர்த் தோட்டத்துக்கு வந்த புதிது. கடலோரத்து செர்காம் ஊரிலிருந்து கருவாடு விற்கிறவன் சைக்கிளில் வந்தால் அரை நாள் ஆகும் தூரம். லயத்து வீடுகளுக்கு நடுவில் பலகைச் சுவர். சுவர் கூரை வரைக்கும் போகாது, தலைக்கு மேலே திறந்தே கிடக்கும். இந்த வீட்டில் மிளகாய் வறுத்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். என் மாமியாரின் குறட்டை ஏழு வீடு தாண்டிப் போகும், அதை அவர் மட்டும் நம்ப மாட்டார். முதல் நாள் காலையில் எனக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் கேட்டது.

"எந்திரி தங்கச்சி. விடிஞ்சிருச்சு. முகம் கழுவணும்ல."

சரி, இரண்டு பெண்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். புது மருமகள் நல்ல பேர் எடுக்க வேண்டாமா? இரண்டு கோப்பை காப்பி கலந்து எடுத்துக்கொண்டு போனேன். வீட்டில் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள். நான் இரண்டாவது கோப்பையை வைத்துக்கொண்டு சுற்றிமுற்றிப் பார்த்தேன்.

"யாரத் தேடுற புள்ள?"

"தங்கச்சிய, அக்கா."

"இந்தா இருக்கா" என்று இடது கையால் வலது கையைத் தூக்கிப் பலகைமேல் வைத்தாள். "அவ குடிக்க மாட்டா. ஆனா நீ கொண்டாந்தியே, சந்தோசப்படுவா."

இரண்டு கோப்பையையும் அவளே குடித்தாள். நான் ஓடி வந்து மாமியாரிடம் சொன்னேன். மாமியார் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அவ கேட்டா பதில் சொல்லு. அந்தக் கை கேட்டா பதில் சொல்லிடாதே."

"கை எப்படி அத்தை கேக்கும்?"

"அது உனக்கே தெரியும் போ."

அந்தக் கையைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். அவ்வளவு அழகு! அக்காவின் இடது கை எங்கள் எல்லோருடைய கையையும் போலக் காய்ப்புக் காய்த்து, நகம் கறுத்து, வெட்டுக்காயத்தோடு இருக்கும். வலது கையில் மஞ்சள் மினுமினுக்கும். எண்ணெய் தேய்த்து, நகம் சீவி, பச்சைக் கண்ணாடி வளையல் போட்டிருப்பாள். புறங்கையில் ஒரு சிறிய குங்குமப் பொட்டு. "இந்தக் கையப் பாத்தா நம்ம சாதி சனம். அந்தக் கையப் பாத்தா துரை பொண்டாட்டி" என்பார் மாமியார். தொட்டால்தான் தெரியும். காலையில் வாளியில் இருக்கும் ரப்பர்ப் பால் எப்படி இருக்கும், அந்தக் குளிர்ச்சி. லயத்து நாய்கள் அவளுடைய இடது பக்கமாக மட்டும்தான் வாலாட்டிக்கொண்டு வரும். வலது பக்கம் வந்தால் வாலை மடக்கிக்கொண்டு ஒதுங்கிப் போய்விடும்.

நடந்தது இதுதான். நான் வருவதற்கு முன்னால் அவள் ரப்பர் ஸ்டோரில் வேலை செய்தாள். உறைந்த பாலை மிஷின் உருளைக்குள் விட்டுத் தகடாக இழுக்கிற வேலை. ஒரு நாள் உருளை தகட்டோடு சேர்த்துக் கையையும் இழுத்துவிட்டது. முழங்கை வரைக்கும் போய்விட்டது என்றார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் அப்போது இருந்த டிரெசர் ஒரு வயதான மலாய்க்காரர். மருந்து கொடுப்பது, கட்டுப் போடுவது எல்லாம் அவர்தான். அவர் உள்ளே நொறுங்கிக் கிடந்த எலும்புத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்து, கையைத் தைத்து, கட்டி, பிழைக்கவைத்தார். பொறுக்கிய துண்டுகளை ஸ்பிரிட் ஊற்றிய ஒரு போத்தலில் போட்டு மூடி அலமாரியில் வைத்தார்.

காய்ச்சலில் கிடந்தவளைத் தினமும் வந்து தட்டிக் கேட்பாராம், "தாங்ஙான்? தாங்ஙான் சாக்கிட்?" என்று. மலாயில் தாங்ஙான் என்றால் கை. கை வலிக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இவள் அப்போது கப்பலை விட்டு இறங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, மலாய் தெரியாது. காய்ச்சல் மயக்கத்தில் காதில் விழுந்தது தங்கச்சி. தங்கச்சிக்கு வலிக்கிறதா? "ஆமா, வலிக்குது" என்றாளாம். தங்கச்சி தூங்கினாளா? "தூங்கல" என்றாளாம். கட்டுப் பிரித்த நாளில் கை இருந்தது, பார்க்க முழுசாக இருந்தது, ஆனால் ஒரு விரல்கூட அவள் சொன்னபடி கேட்கவில்லை. அன்றையிலிருந்து அது தங்கச்சி.

அந்த டிரெசரும் நல்ல மனிதர். அவருக்கு விஷயம் புரிந்து, பிறகு அவரே அப்படிக் கேட்க ஆரம்பித்துவிட்டாராம். "அப்பா காபார், தங்கச்சி?" என்று மலாயில் கையைப் பார்த்து நலம் விசாரிப்பார். இவளும் கைக்குப் பதிலாகச் சொல்லுவாள்.

மிஷினில் அடிபட்டவர்களுக்கு வேலைக்குப் போகாமலே அரைச் சம்பளம் உண்டு. ஆனால் சும்மா கொடுப்பார்களா? ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மலாக்கா டவுனிலிருந்து வெள்ளைக்கார டாக்டர் காரில் வருவார். இன்னும் குணமாகவில்லை என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த ஆறு மாதம். குணமாகிவிட்டது என்றால் மறுநாளே பழைய வேலைக்குப் போக வேண்டும்.

இங்கேதான் அக்காவுக்குச் சங்கடம். பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கிற கையை யார் நோயாளிக் கை என்பார்கள்? மலாய் டிரெசர் இருந்தவரைக்கும் பிரச்சினை இல்லை. அவர் கையை மேசைமேல் வைக்கச் சொல்லி, பக்கத்தில் போத்தலைக் கொண்டுவந்து வைப்பார். இதிலிருந்து வந்தது அது என்று விரலால் காட்டுவார். டாக்டர் போத்தலைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், கையெழுத்துப் போடுவார். கையைத் தொட்டுப் பார்த்ததே இல்லையாம். "முந்தி நடந்ததுக்கு அது சாட்சிலா. சாட்சி இருக்கும்போது என்னை எதுக்குப் பாக்கணும்?" என்று அக்கா பெருமையாகச் சொல்லுவாள்.

பிறகு மலாய் டிரெசர் வயதாகி ஊருக்குப் போய்விட்டார். டவுனிலிருந்து புது டிரெசர் வந்தார், நம்ம ஆள், தமிழர். காலில் சப்பாத்து, தலையில் வகிடு. கெட்டவர் இல்லை, சுத்தக்காரர். வந்த வாரமே ஆஸ்பத்திரி அலமாரியைக் கழுவினார்.

அன்றைக்குக் காலையில் நாங்கள் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். அக்கா ஒற்றைக் கையால் சேலையை அடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"தங்கச்சிக்கு மூச்சு முட்டுது" என்றாள்.

சிரித்துக்கொண்டே திரும்பினேன். வலது கை நகமெல்லாம் நீலமாக இருந்தது. மினுமினுக்கிற மஞ்சள் கை சாம்பல் நிறத்தில் கிடந்தது. அக்கா ஈரச் சேலையைப் போட்டுவிட்டு ஓடினாள். நானும் பின்னாலே ஓடினேன், என் துணியைக் குழாயடியிலேயே விட்டுவிட்டு. அதில் ஒரு நல்ல ரவிக்கை சாக்கடைத் தண்ணீரோடு போய்விட்டது, இன்றைக்கும் எனக்கு அந்த வருத்தம் உண்டு.

ஆஸ்பத்திரிச் சன்னலில் போத்தல் காலியாகக் கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு தாளின்மேல் எலும்புத் துண்டுகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. உடைந்த கிளிஞ்சல் மாதிரி, சின்னச் சின்னதாக.

"என்னம்மா இது, கோழி எலும்பையெல்லாம் போத்தல்ல போட்டு வெச்சிருக்கீங்க?" என்றார் டிரெசர்.

"கோழி இல்லீங்க ஐயா. எங்க வீட்டுப் புள்ள."

அக்கா ஒவ்வொரு துண்டாக எடுத்துத் துடைத்துப் போத்தலில் போட்டாள். ஸ்பிரிட் கேட்டாள், அவர் கொடுத்தார். ஊற்றி மூடியதும் நான் கையைப் பார்த்தேன். நகத்திலிருந்து நீலம் மெல்ல இறங்கியது, வெற்றிலை எச்சில் தண்ணீரில் கரைகிற மாதிரி. நான் என் கண்ணால் பார்த்தேன். என் பேத்தி இதை எழுதிக்கொண்டே சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

அன்றையிலிருந்து போத்தல் அக்கா வீட்டிலேயே, சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

அடுத்து டாக்டர் வருகிற நாள் வந்தது. பெரிய மனிதர் முன்னால் போகிறவள் அழுக்காகவா போவாள்? எங்கள் பக்கத்தில் அப்படிப் பழக்கம் இல்லை. டாக்டரைப் பார்க்கப் போனாலும் குளித்து, தலை வாரி, இருக்கிறதில் நல்லதை உடுத்துவோம். அக்காவின் கையை நாங்கள் நாலு பெண்கள் சேர்ந்து அலங்கரித்தோம். நான் மஞ்சள் பூசினேன். மாமியார் தன் வளையலில் இரண்டைக் கொடுத்தார். போத்தலை வீட்டில் மறந்துவிட்டோம். ஆஸ்பத்திரி அலமாரியில்தானே எப்போதும் இருக்கும், அந்த நினைப்பு.

டாக்டர் கையைப் பார்த்தார். அழகான கை. டிரெசரைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ கேட்டார். டிரெசர் அக்காவிடம் கேட்டார்.

"யாருக்கும்மா மிஷின்ல அடிபட்டது?"

"தங்கச்சிக்குத்தான் ஐயா."

"உங்களுக்கு?"

"எனக்கு என்ன? நான் நல்லாத்தான் இருக்கேன். பாவம், அவளுக்குத்தான் முடியல."

டிரெசர் டவுனில் படித்தவர், நல்ல தமிழ் தெரிந்தவர். தங்கச்சி என்றால் தங்கச்சிதான் அவருக்கு. அப்படியே இங்கிலீஷில் சொன்னார். டாக்டர் அப்படியே எழுதினார். அடிபட்டது தங்கைக்கு, வந்தவள் சுகமாக இருப்பதாக அவளே சொல்கிறாள் என்று. அடுத்த தடவை தங்கையைக் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் அரைச் சம்பளம் நின்றுபோகும், இவள் ஸ்டோருக்குப் போய் மிஷினில் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

விஷயம் தெரிந்ததும் மாமியார் என்னையும் இழுத்துக்கொண்டு டிரெசரிடம் போனார்.

"தம்பி, தங்கச்சின்னா அவ கைதான்."

"கைய எதுக்குங்க தங்கச்சின்னு சொல்லணும்?"

"அவ சொல்றா. உனக்கென்ன?"

"எனக்கு ஒன்னுமில்லம்மா. ஆனா டாக்டர் எழுதிட்டாரு. இனி அவர் வந்து பாக்குறப்போ, முந்தி என்ன எழுதியிருக்கோ அதத்தான் பாப்பாரு. அதுல தங்கச்சின்னு இருக்கு. தங்கச்சி வரணும்."

"இல்லாத தங்கச்சி எப்படி வருவா?"

"அத நான் எழுதலியே" என்றார் பாவம், வேர்த்துக்கொண்டு.

அக்கா அழவில்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். ஸ்டோர் மிஷினின் சத்தம் காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் லயம் வரைக்கும் கேட்கும். ஒரே மாதிரி, மாடு அசைபோடுகிற மாதிரி.

"கேக்குதா புள்ள?" என்றாள். "இவளப் பாதி தின்னுச்சு. மீதிப் பாதி எங்கேன்னு கேக்குது. சம்பளம் நின்னா நிக்கட்டும், கஞ்சி குடிச்சுக்குவேன். அது முன்னாடி மட்டும் என்னால இவளக் கூட்டிட்டுப் போய் நிறுத்த முடியாது."

மாமியார் ஒரு யோசனை செய்தார். யோசனை என்றால் அவருக்கு நாக்கில் வெற்றிலைபோல, எப்போதும் இருக்கும். "இந்தப் புள்ளையத் தங்கச்சின்னு கூட்டிட்டுப் போ. கைய அசைக்காம தொங்கப் போட்டுக்கட்டும்" என்று என்னைக் காட்டினார். நானும் சின்னப் பெண், எனக்கு நாடகம் மாதிரி குஷி! ஒரு நாள் முழுக்க வலது கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பழகினேன். சோறு அடிப்பிடித்தது. குழம்பு கொட்டியது. வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்து, "உனக்கு என்னடி வாதமா?" என்று பயந்தே போனார்.

அக்கா வந்து என் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"சூடா இருக்கு புள்ள. இது ஒத்து வராது."

"அப்ப யாரக்கா கூட்டிட்டுப் போவீங்க?"

"அவளைத்தான்."

"அக்கா, உங்களுக்கு நெசமாவே தங்கச்சி இருந்தாளா?"

அவள் இடது கையால் வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள், எதையோ பிடிக்கவைக்கிற மாதிரி.

"கப்பல் ஏறுறப்போ ரெண்டு பேரு. அவளுக்கு வாந்திபேதி. இந்தக் கையிலதான் அவ கையப் புடிச்சிட்டுப் படுத்திருந்தேன். விடியக்காலம் எழுப்பி, விடு, விடுன்னாங்க. கடல்ல போடணும்ல. நான் விடல. பிரிச்சுத்தான் எடுத்தாங்க." விரல்களை மறுபடி ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டாள். "எப்படிக் குளிர்ந்திருந்துச்சு தெரியுமா அவ கை? இதே மாதிரி."

அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் "எந்திரி தங்கச்சி" என்று கேட்டால் நான் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொள்வேன்.

டாக்டர் வருகிற நாள் மறுபடி வந்தது. இந்தத் தடவை மாமியார் கரியும் சாம்பலும் கொண்டுவந்தார்.

"பூசிவிடுடி. அசிங்கமா இருக்கட்டும்."

"வேணாம் அத்தை" என்றாள் அக்கா. என் மாமியாரை அவளும் அத்தை என்றுதான் கூப்பிடுவாள். "இன்னிக்கு அவளப் பாக்க வர்றாங்க. நல்லாப் போகட்டும்."

பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் நிறுத்துகிற மாதிரியே அந்தக் கையைச் சீவிச் சிங்காரித்தாள். ஒரு சின்னச் சிவப்புத் துணியால் முழங்கையிலிருந்து மூடினாள். இடது இடுப்பில் போத்தலை இடுக்கிக்கொண்டாள். நானும் மாமியாரும் கூடப் போனோம்.

டாக்டர் மேசையில் உட்கார்ந்திருந்தார். சிவந்த முகம், வெள்ளை மீசை, கோபக்காரர் இல்லை, அலுத்துப்போனவர். நிமிர்ந்து பார்த்தார். டிரெசர் கேட்டார்.

"தங்கச்சி எங்கம்மா?"

அக்கா கையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். துணியை எடுத்தாள். பக்கத்தில் போத்தலை வைத்தாள்.

"இவதான் ஐயா. இது இவளோடது."

டிரெசருக்கு முகம் வெளுத்துவிட்டது, வேலை போய்விடும் என்று. திக்கித் திக்கி இங்கிலீஷில் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். வேறு டாக்டராக இருந்தால் தெரியாது, இவர் முந்தியும் அந்தப் போத்தலைப் பார்த்தவர்தானே. ஞாபகம் வந்திருக்க வேண்டும். முதல் தடவையாகக் கையைத் தொட்டார். விரல் வைத்து அமுக்கிக்கொண்டே மேலே போனார். மணிக்கட்டுக்கு மேலே ஓர் இடத்தில் அவர் விரல் உள்ளே போயிற்று, பழுத்த வாழைப்பழத்தில் போகிற மாதிரி. எலும்பே இல்லை அங்கே. போத்தலைப் பார்த்தார். அமுக்கினார். மறுபடி போத்தலைப் பார்த்தார். அந்தப் பள்ளத்துக்கு இந்தத் துண்டு, இந்தப் பள்ளத்துக்கு அந்தத் துண்டு என்று கண்ணாலேயே பொருத்திக்கொண்டிருந்தார். அக்கா பிழைத்தாள் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அவர் போத்தலை ஆட்டினார். அடியில் கிடந்த ஒரு துண்டைப் பார்ப்பதற்காகத்தான், வேறொன்றுக்கும் இல்லை. எலும்புகள் கண்ணாடியில் மோதிக் கலகலவென்றன.

மேசைமேல் கிடந்த கையின் விரல்கள் மடங்கின.

டாக்டர் போத்தலை நிறுத்தினார். விரல்கள் விரிந்தன. மறுபடி ஆட்டினார். மடங்கின. வளையல் மேசையில் சிணுங்கியது.

"அசையுது" என்றார் டிரெசர். அப்புறம் டாக்டரைப் பார்த்து இங்கிலீஷில் என்னவோ சொன்னார். கை வேலை செய்கிறது, மிஷினுக்குப் போகலாம் என்றுதான் சொல்லியிருப்பார், வேறென்ன சொல்ல? என் மாமியார் என் தோளை இறுக்கிப் பிடித்தார். அந்த நகக் குறி ஒரு வாரம் இருந்தது.

அக்கா மட்டும் பதறவில்லை. "நான் சொன்னா கேக்க மாட்டா ஐயா. அந்தப் போத்தல் சொன்னாத்தான் கேப்பா. வேணும்னா துரையவே பாக்கச் சொல்லுங்க."

டிரெசர் சொன்னார். டாக்டர் தன் சுட்டுவிரலை அந்த உள்ளங்கையில் வைத்து, அவருக்குத் தெரிந்த தமிழில், "பிடி" என்றார். அக்கா முகம் சிவக்க முயன்றாள். நெற்றி நரம்பு புடைத்தது. கை செத்துக் கிடந்தது. "பிடி" என்றார் மறுபடி. ஒன்றுமில்லை. பிறகு விரலை அங்கேயே வைத்துக்கொண்டு மற்றக் கையால் போத்தலை எடுத்து மெல்ல ஆட்டினார்.

கை அவர் விரலைப் பிடித்தது.

அவர் போத்தலை வைத்துவிட்டார். கை விடவில்லை. இழுத்தார். விடவில்லை. டிரெசர் வந்து பிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. டாக்டரின் சிவந்த முகம் வெள்ளையாகிவிட்டது. அக்கா குனிந்து, தன் கையின்மேல் வாயை வைத்து, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, "விடுடி. விட்ருடி தங்கச்சி. இவங்க உன்னைக் கடல்ல போட வரல" என்றாள்.

ஒவ்வொரு விரலாகத் திறந்தது. சுண்டுவிரல் கடைசி.

டாக்டர் எழுந்து போய்ச் சன்னலோரம் நின்றார். சுட்டுவிரலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார், குளிருக்குச் சுற்றுகிற மாதிரி. ரொம்ப நேரம் கழித்து வந்து உட்கார்ந்து எழுதினார். என்ன எழுதினார் என்று டிரெசர்தான் பிறகு சொன்னார். இந்தக் கை வேலை செய்யக்கூடிய கைதான், ஆனால் இவள் சொன்னபடி செய்யாது, ஆகவே இது இவளுடைய கை இல்லை. இவளுக்கு ஒரு கைதான். அரைச் சம்பளம் தொடரட்டும்.

எங்களுக்கு வந்த சந்தோஷம்! மாமியார் டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டார். அப்போது டாக்டர் போத்தலை எடுத்துத் தன் பெட்டிக்குள் வைத்தார்.

"அது எங்களோடது" என்றாள் அக்கா.

டிரெசர் கேட்டுச் சொன்னார். "இது சாட்சிம்மா. டவுன் ஆஸ்பத்திரியில இருக்கணுமாம். இனி நீங்க வரவே வேணாம், இந்த மேசை முன்னாடி நிக்கவே வேணாம். காலம் வர்றப்போ டாக்டர் அங்கேயே இத எடுத்துப் பாத்துக்குவாரு."

அவள் ஒரு பக்கம் மிஷினை நினைத்தாள், ஒரு பக்கம் போத்தலை. எனக்கு அது அவள் முகத்தில் தெரிந்தது. சரி என்று தலையை ஆட்டினாள். கார் கிளம்பியது. பத்து பெரண்டாம் என்கிற ஊர்ப் பக்கமாக வளைந்து டவுனுக்குப் போகிற செம்மண் சாலையில் தூசி எழும்பியது. அக்காவின் வலது கை, மறுபடி போர்த்தியிருந்த சிவப்புத் துணியை உதறிக்கொண்டு, அந்தத் தூசியைப் பார்த்து நீண்டது.

அதற்கப்புறம் அது அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் எப்படி உட்கார்ந்தாலும், எப்படிப் படுத்தாலும், விரல் மலாக்கா டவுனைக் காட்டும். தோட்டத்துக்குப் புதிதாக வந்தவர்கள் டவுனுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டால் பையன்கள், "அக்கா கையப் பாரு" என்பார்கள். அவளும் சிரிப்பாள். கவளம் காட்டுவது மட்டும் நின்றுவிட்டது. "இவ இங்க இல்லியே புள்ள. யாருக்குக் காட்டுறது?"

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அது நடக்கும். நாங்கள் கீரை ஆய்ந்துகொண்டிருப்போம், பேன் பார்த்துக்கொண்டிருப்போம். அக்காவின் விரல்கள் சட்டென்று மடங்கும், விரியும், மடங்கும்.

"பரிசோதனை நடக்குது" என்பாள், கீரையிலிருந்து கண் எடுக்காமல். "மெதுவா ஆட்டச் சொல்லுங்க. முரட்டு மனுசன்."

கொஞ்ச நாளில் டிரெசர் வந்து, டாக்டர் பார்த்துவிட்டார், தொடரட்டும் என்று சொல்லிவிட்டார் என்பார். பாவம், அந்தத் தமிழ் டிரெசர் எங்கள் வாசலில் எப்போதும் அக்காவுக்கு இடது பக்கமாகவே நிற்பார்.

அக்கா செத்தது காய்ச்சலில். அந்த வருஷம் தோட்டத்தில் நிறையப் பேருக்கு வந்தது. இரண்டு நாள்தான் படுத்தாள். மூன்றாவது நாள், வியாழக்கிழமை விடியற்காலையில், சுவருக்கு அந்தப் பக்கம் "எந்திரி" என்று கேட்கவில்லை. அன்றைக்குக் காலையிலேயே நானும் மாமியாரும்தான் குளிப்பாட்டினோம். இரண்டு கையும் இப்போது ஒரே குளிர்ச்சியாக இருந்தது. முதல் தடவையாக அக்காளும் தங்கச்சியும் ஒன்றுபோல. மாமியார் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார். நான் வளையலைக் கழற்றுவதற்காக அந்த வலது கைக்குள் என் விரலைக் கொடுத்தேன்.

அது பிடித்தது.

பிடித்தது, விட்டது, பிடித்தது. மாமியார் பார்த்தார். செம்பைக் கீழே வைத்தார். என் கையோடு சேர்த்து அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "ஆச்சு, ஆச்சு, முடிஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், அது அடங்குகிற வரைக்கும்.

புதைத்தோம். குழிக்குள் இறக்கியபோதும் கை டவுன் பக்கம்தான் பார்த்தது. எட்டாம் நாள் கருமாதி அன்றைக்கு நாங்கள் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தபோது டிரெசர் வந்து, பழக்கத்தில் இடது பக்கமாக நின்றார். முகம் சரியில்லை.

"டவுன்ல இருந்து சொல்லி அனுப்பியிருக்காங்க. அவங்களுக்கு இங்க நடந்தது தெரியாதுல்ல. டாக்டர் போத்தல எடுத்துப் பாத்தாராம். தங்கச்சிக்கு இன்னும் குணமாகலையாம். அரைச் சம்பளத்த நிறுத்த வேணாமாம்."

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். மாமியார் சிரிக்கவில்லை. கையிலிருந்த இலையைக் கீழே வைத்தார்.

"என்னிக்குப் பாத்தாராம், தம்பி?"

"போன வியாழக்கிழமைம்மா. காலையில."

மாமியார் என்னைப் பார்த்தார். நான் என் விரலை மூடிக்கொண்டேன்.